ஐந்தாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது

அந்தக் காரில் ஒரே ஒரு ஆள்தான் உட்கார முடியும். உட்கார என்று சொல்வதே தப்பு, படுக்கத்தான் முடியும். முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, கையை மடக்கி உள்ளே இறங்கிவிட்டால் மேலே ஹெல்மெட் மட்டும் தெரியும். கதவு கிடையாது, கூரை கிடையாது. நாலு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். முதல் தடவை என் மகள் அதற்குள் இறங்கியபோது இரண்டு பேர் குனிந்து அவள் தோளிலும் இடுப்பிலும் பெல்ட்டை இழுத்து இறுக்கினார்கள். இருபது வருஷமாகக் கிராம சுகாதார நர்ஸாக இருக்கிறேன். ஒரு ஆளை அப்படிப் படுக்க வைத்துக் கட்டுவதை நான் ஸ்ட்ரெச்சரில்தான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பிடிக்கவில்லை என்று அங்கேயே சத்தமாகச் சொன்னேன். அவள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கண்ணை உருட்டினாள்.

அவளுக்குப் பதினாறு வயது. என் வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சியில் டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். எட்டாவது படிக்கும்போதே அவர் கொண்டுவந்து நிறுத்தும் டிராக்டரை எல்லாம் ரிவர்ஸ் எடுத்து ஷெட்டுக்குள் விடுவாள். பள்ளிச் சுற்றுலாவில் ஒரு இடத்தில் சின்னக் கார் ஓட்ட விட்டிருக்கிறார்கள். இவள் ஓட்டி முடித்ததும் அங்கிருந்தவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை ஓட்டு என்றாராம். அப்படியே பிடித்துக்கொண்டது. தேர்வு முகாமுக்குக் கூப்பிட்டார்கள், மூன்று நாள் ஓட்ட வைத்துப் பார்த்தார்கள், எடுத்துக்கொண்டார்கள்.

அதே முகாமில் தேர்வான இன்னொரு பிள்ளை ஆத்தூர்க்காரப் பையன். அவனுக்கும் பதினாறுதான். அந்த மூன்று நாளும் அவன் அம்மாவும் நானும் ஒரே சாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். அவள் கொண்டுவந்த புளிச்சோற்றை நான் சாப்பிட்டேன், நான் கொண்டுபோன அதிரசத்தை அவள் சாப்பிட்டாள். என்னைவிடச் சின்னவள். அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டாள். என் போனில் அவள் பெயர் ‘ஆத்தூர்’.

இனி அந்தச் சனி, ஞாயிறு.

பந்தய மைதானம் சென்னைக்குப் போகிற வழியில் இருந்தது. ஜூனியர் பந்தயத்துக்குக் கார்கள் எல்லாம் நடத்துகிறவர்களுடையவை, எல்லாம் ஒரே மாதிரி. யாருக்கு எது என்று சனிக்கிழமை காலையில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். என் மகள் சீட்டைப் பிரித்துக் காட்டினாள். எட்டு.

எட்டு சனியின் எண். ஊசி போடுகிறவள் சனியை நம்பலாமா என்று கேட்காதீர்கள். நம்புகிறேன். எங்கள் வீட்டில் முதலில் வாங்கிய வண்டியின் எண்களைக் கூட்டினால் எட்டு வரும். அந்த வண்டி வடக்கனந்தல் ரோட்டில் என் வீட்டுக்காரரின் காலை முறித்துவிட்டுத்தான் அடங்கியது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எட்டாம் தேதி ஒரு நல்ல காரியம் செய்ததில்லை. ஆத்தூர்ப் பையனுக்கு வந்தது ஐந்து.

வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். மத்தியானம் தகுதிச் சுற்று. அந்த எஞ்சின்களின் சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் அடிவயிற்றில் விழும். மூன்றாவது வளைவில் எட்டாம் நம்பர் கார் பம்பரமாய் இரண்டு சுற்றுச் சுற்றி எதிர்த்திசையில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நின்றது. அடி எதுவும் இல்லை. திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நான்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், விரல் மரத்துப்போயிருந்தது.

“நம்பர மாத்தணும்,” என்றேன்.

“நம்பர்ல இன்னாடி இருக்குது? உன்னோட ரோதனையா பூட்ச்சு,” என்றார் வீட்டுக்காரர்.

“அம்மா, மானத்த வாங்காத,” என்றாள் மகள். “சீட்டு, பெடல் எல்லாம் என் உயரத்துக்கு ஏத்தி வச்சாச்சு. வேற கார் எனக்கு வேணாம்.”

“கார யாருடி கேட்டது? நம்பரதான கேட்டேன்.”

ஆத்தூருக்குப் போன் போட்டேன். அவள் சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்திருக்கவில்லை, பையனோடு அப்பா மட்டும் வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள். “நம்பர்ல என்னக்கா இருக்கு, எங்களுக்கு அதெல்லாம் பார்க்கிற பழக்கம் இல்ல. தாராளமா மாத்திக்கங்க,” என்றாள்.

மெக்கானிக்குகள் டீ குடிக்கப் போன சமயம் நானே குனிந்து என் நகத்தாலேயே ஸ்டிக்கரை உரித்தேன். எட்டு கிழியாமல் முழுசாக வந்து என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. உதறினேன், விழவில்லை. அதைப் பையனுடைய காரில் வைத்துத் தேய்த்தபோதுதான் கையை விட்டது. அவனுடைய ஐந்தை உரித்து என் மகளின் காரில் ஒட்டினேன். ஆபீஸில் போய் வீட்டுக்காரர், “அஞ்சும் எட்டும் நாங்க மாத்திக்கினோம்,” என்றார். அங்கிருந்த பெண் தலையை ஆட்டிவிட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு பெயரையும் மாற்றி அடித்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அன்றைக்கே பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்கு வந்துவிட்டேன்.

ஏன் வந்தேன் என்றால், ஞாயிறு போலியோ சொட்டு மருந்து நாள். அன்றைக்கு எந்த நர்ஸுக்கும் லீவு கிடையாது, செத்தாலும் கிடையாது. எனக்குப் போட்டிருந்தது கல்வராயன் மலையில், வெள்ளிமலையும் தாண்டி உள்ளே ஒரு சின்ன ஊர். கச்சிராயபாளையம் வழியாக ஜீப்பில் மருந்துப் பெட்டியோடு ஏற்றி அனுப்பினார்கள். துணைக்கு அந்த ஊர் அங்கன்வாடி டீச்சர். மலைக்காரப் பெண், வாய் ஓயாது. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மேசை போட்டுக்கொண்டோம். பத்து மணிக்குள் பாதிப் பிள்ளைகள் வந்துவிட்டன. அதற்குப் பிறகு மூட்டம் இறங்கியது. முதலில் எதிரே இருந்த வீடுகளைக் காணோம், பிறகு தண்ணீர்த் தொட்டியைக் காணோம், பிறகு மேசைக்கு முன்னால் இருந்த கொடிக்கம்பத்தையே காணோம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பக்கத்தில் வந்த பிறகுதான் முகம் தெரிந்தது.

அந்த ஊரில் சிக்னல் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மேட்டில்தான் கிடைக்கும். பந்தயம் ஒன்றரை மணிக்கு. பத்து சுற்று, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிஷம். டீச்சரையும் பெட்டியையும் இழுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டேன். ஆள் வந்தால் அங்கிருந்தே இறங்கிக்கொள்ளலாம் என்று கணக்கு.

போனில் படம் எல்லாம் வராது. பந்தயம் நடத்துகிறவர்கள் போடும் வெறும் பட்டியல்தான். நம்பர், பெயர், எத்தனையாவது சுற்று, கடைசிச் சுற்றுக்கு எடுத்த நேரம். ஒரு கார் இன்னொன்றைத் தாண்டினால் ஒரு வரி மேலே போகும், ஒரு வரி கீழே வரும். சனிக்கிழமை குடலைப் பிடித்து உலுக்கிய அந்தப் பந்தயம் இங்கே சத்தமே இல்லாமல் நடந்தது. மூட்டத்துக்குள் நின்றுகொண்டு வரிகள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இதுல உங்க பொண்ணு எங்க நர்சம்மா?” என்றாள் டீச்சர்.

“அஞ்சு. ஆறாவது எடத்துல போய்க்கினு இருக்கா பாரு.”

நாலாவது சுற்றில் எட்டாம் நம்பர் வரி சாம்பல் நிறமானது. அதன் நேரம் அப்படியே நின்றுவிட்டது. மற்ற வரிகள் ஒவ்வொன்றாக அதைத் தாண்ட, அது இறங்கி இறங்கி அடியில் போய் உட்கார்ந்தது. என் மகள் ஒரு இடம் மேலே ஏறினாள்.

“எட்டு நின்னுடுச்சு!” என்று கத்தினேன். “பாத்தியா டீச்சர், நான் சொல்லல? அத நேத்தே உரிச்சுப் போட்டேன் பாரு. நல்லவேளை!”

நல்லவேளை என்றுதான் சொன்னேன். கையைக்கூடத் தட்டினேன்.

அடுத்த சுற்றில் எல்லாருடைய நேரமும் நீண்டது. இரண்டு நிமிஷத்தில் வந்தவர்கள் மூன்று நிமிஷம் எடுத்தார்கள். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும், மகள் சொல்லியிருக்கிறாள். வழியில் ஒரு கார் மோதிக் கிடந்தால் மஞ்சள் கொடி காட்டுவார்கள், யாரும் வேகமாகப் போகக் கூடாது. ஐயோ, அந்தப் பையன் என்று அதற்குப் பிறகுதான் நினைத்தேன். அப்போது பார்த்துப் போன் மணி அடித்தது. பட்டியல் மறைந்து, திரை முழுக்க ‘ஆத்தூர்’ என்று வந்தது.

என்ன பேசுவேன்? அந்த எட்டை ஒட்டிய கை என் கை. சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். உடனே மறுபடி அடித்தாள். மறுபடி அமுக்கினேன். பட்டியல் திரும்பி வந்தது, என் மகள் ஓடிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை அவள் அடிக்கவில்லை.

கொடியை எடுத்துவிட்டார்கள் போல, ஏழாவது சுற்றில் நேரம் குறைந்தது. ஐந்தாம் நம்பர் பறந்தது. ஐந்தாவது இடம் நாலாவது ஆனது. அவள் அதுவரை ஓட்டியதிலேயே அப்படி ஒரு நேரம் வந்ததில்லை. டீச்சரும் நானும் சின்னப் பிள்ளைகள் மாதிரி குதித்தோம்.

எட்டாவது சுற்றில் மறுபடி மணி. இந்தத் தடவை வீட்டுக்காரரின் நம்பர். எடுத்தேன்.

“அம்மா,” என்றது என் மகளின் குரல். “எனக்கு ஒண்ணும் ஆவல.”

அவ்வளவுதான், கட்டாகிவிட்டது.

திரையைப் பார்த்தேன். ஐந்தாம் நம்பர், என் மகளின் பெயர், எட்டாவது சுற்று முடிந்து ஒன்பதாவது ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. குளிர் இல்லை அது. அந்தக் குரல் அவள் குரல்தான், பெற்றவளுக்குத் தெரியாதா? களைத்து, வாய் உலர்ந்த குரல். ஆனால் அவள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, கை கால் கட்டப்பட்டு, அந்த நிமிஷம் காருக்குள் போய்க்கொண்டிருக்கிறாள். அவளிடம் ஏது போன்? திரும்ப அடித்தேன், போகவில்லை. இன்னொரு தடவை அடித்தேன், போகவில்லை. மூட்டம் என் கையையும் போனையும் சேர்த்து ஈரமாக்கியது. ஐந்தாம் நம்பர் ஒன்பதாவது சுற்றை முடித்தது. மூன்றாவது இடம்.

“யாரு நர்சம்மா?” என்றாள் டீச்சர்.

“எம் பொண்ணு.”

“அது ஓட்டிக்கினு இருக்குதே?”

“அதாண்டி நானும் கேக்குறேன்!”

அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். குரலைத் தாழ்த்தி, “ஒரே தபா கூப்ட்டுச்சா? எங்க ஊர்ல ஒரு தபா கூப்ட்டா பதில் குடுக்க மாட்டோம். மூணு தபா கூப்ட்டாதான் அது ஆளு,” என்றாள்.

“வாயக் கழுவு!” என்று சீறினேன். ஆனால் சொன்னது சொன்னதுதானே. அம்மா என்று எத்தனை தடவை கூப்பிட்டாள்? ஒரே தடவை.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். விபத்துக் கேஸ் எத்தனை பார்த்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறவர்களைத்தான் நாங்கள் கண்ணை எடுக்காமல் பார்ப்போம். ஒரு மணி நேரம் நன்றாகப் பேசிவிட்டு அப்படியே சாய்ந்தவர்கள் இருக்கிறார்கள். குரலை நம்பினால் என் மகள் அடிபட்டிருக்கிறாள். நம்பரை நம்பினால் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். நான் நம்பரை நம்பினேன். பெற்ற பிள்ளையின் குரலைத் தள்ளிவிட்டு அந்த வரியையே பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடு, ஓடு, நின்றுவிடாதே என்று வாய்விட்டுச் சொன்னேன். அது ஓடியது. பத்தாவது சுற்று முடிந்தது. மூன்றாவது இடம் என்று அவள் பெயருக்குப் பக்கத்தில் வந்து நின்ற அதே நொடியில் சிக்னல் போய்விட்டது. பட்டியல் அப்படியே உறைந்துவிட்டது.

சுற்றிலும் ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. கீழே யாரோ இருமினார்கள். ஒரு பெண் தோளில் குழந்தையோடு மூட்டத்துக்குள்ளிருந்து வெளிப்பட்டு, “சொட்டு மருந்து இங்கியா?” என்றாள். வேலை வேலைதானே. இறங்கிப்போய்க் குழந்தையின் கன்னத்தை அமுக்கி வாயைத் திறந்து இரண்டு சொட்டு விட்டேன். அடையாளத்துக்கு விரலில் மை வைத்தேன். இடது சுண்டுவிரலில் வைக்க வேண்டியதை வலது கையில் வைத்துவிட்டேன். டீச்சர்தான் பார்த்துச் சொன்னாள். பெட்டியை அவளிடம் ஒப்படைத்துவிட்டு, ரோடு வளைவை நோக்கி இறங்க ஆரம்பித்தேன். அங்கே இன்னொரு டவர் பிடிக்கும் என்று ஜீப் டிரைவர் சொல்லியிருந்தார்.

பத்தடிக்கு அந்தப் பக்கம் ரோடு தெரியவில்லை. செருப்புச் சத்தம் எனக்குப் பின்னால் யாரோ நடக்கிற மாதிரி கேட்டது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை. மூன்றாவது தடவை திரும்பவில்லை. திரும்பிப் பார்த்தால் ஹெல்மெட்டோடு அவள் நின்றிருப்பாள் என்று தோன்றியது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, என் பெண்ணைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

வளைவில் போன் உயிர் பெற்றது. நான் அடிப்பதற்குள் வீட்டுக்காரர் அடித்துவிட்டார்.

“எங்கடி போன? எத்தினி தபா போடறது?”

“அவ எங்கங்க?”

“இங்கதான் இருக்கா, டாக்டர் ரூம்ல. காலர் எலும்பு விரிசல் விட்டுருக்குது. டயர் அடுக்கி வச்ச செவுத்துல போய்ச் சொருவிட்டா. தலையில ஒண்ணும் இல்ல, படம் எடுத்துப் பாத்தாச்சு. பயப்படாத. உங்கூட அவளே பேசுனாளே.”

ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அழுதுகொண்டே, “எப்பங்க?” என்றேன்.

“நாலாவது ரவுண்டுல.”

“அப்ப அதுக்கு அப்பால அஞ்சாம் நம்பர ஓட்டுனது யாரு?”

அவர் விளக்கினார். ஒவ்வொரு காருக்கும் அடியில் தீப்பெட்டி அளவு ஒரு பெட்டி வைத்திருக்கிறார்களாம். கார் கோட்டைத் தாண்டும்போது அதுதான் நான் வந்துவிட்டேன் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லுமாம். கம்ப்யூட்டருக்கு ஸ்டிக்கர் தெரியாது, பெட்டிதான் தெரியும். நாங்கள் காரையே மாற்றிக்கொண்டோம் என்று நினைத்து அந்தப் பெண் பெயர்களை மாற்றி அடித்துவிட்டாள். நாங்களோ மேலே ஸ்டிக்கரை மட்டும் மாற்றியிருந்தோம். பெட்டி அதது அந்தந்தக் காரிலேயே இருந்தது. அதனால் என் மகள் ஓட்டியதெல்லாம் திரையில் எட்டு என்று அந்தப் பையன் பெயரில் வந்தது. பையன் ஓட்டியதெல்லாம் ஐந்து என்று என் மகள் பெயரில் வந்தது. மூன்றாவதாக வந்தவன் அவன்தான்.

அதாவது, சாம்பலாகி அடியில் போய் உட்கார்ந்தது என் மகள். அவள் டயர்ச் சுவரில் மோதிய அந்த நொடியில்தான் நான் மலைமேல் நின்று நல்லவேளை என்று கையைத் தட்டினேன்.

இதை முழுசாக மனசுக்குள் வாங்குவதற்குள் மறுபடி மணி. ஆத்தூர். இந்தத் தடவை எடுத்தேன்.

“அக்கா, பாப்பா எப்படி இருக்கா?” என்பதுதான் முதல் வார்த்தை. “இவரு இப்பத்தான் சொன்னாரு. எலும்பு விட்டிருக்காமே? கட்டுப் போட்டுட்டாங்களா?”

“போட்டுட்டாங்கம்மா. நல்லா இருக்கா.”

“சாமி காப்பாத்துச்சு,” என்றாள். பிறகு குரல் உடைந்தது. “நான் பைத்தியமே ஆயிட்டேன்க்கா. எம் பையன் பேரு அப்படியே நின்னு அடியில போயிடுச்சு. மத்தவங்க எல்லாம் மெதுவா போறாங்க. இவருக்கு இருபது தடவை போட்டேன், அந்தச் சத்தத்துல எடுக்கவே இல்ல. அவருக்கென்ன, பையன் கண்ணு முன்னால ஓடிட்டு இருக்கான். எனக்கு யாரு சொல்லுவா? கால் மணி நேரம். காய்ச்சல் பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு, மூத்தவன் போயிட்டான்னே முடிவு பண்ணிட்டேன்.”

நான் உம் கொட்டினேன்.

“உங்களுக்குத்தான்க்கா ரெண்டு தடவை போட்டேன். நீங்க நர்சு, பார்த்துட்டுத்தானே இருப்பீங்க, ஒரு வார்த்தை தைரியமா சொல்வீங்கன்னு. கட் ஆயிட்டே இருந்துச்சு. மலையில சிக்னல் கிடைக்கலையாக்கா?”

“ஆமாம்மா,” என்றேன். “இங்க சிக்னலே கெடைக்காது.”

அந்தப் பக்கம் அவள் மூக்கைச் சிந்தியதுகூட எனக்குத் தெளிவாகக் கேட்டது.